மலையடிவாரத்தில் ஒரு சாமுராய் விளையாட்டு: ‘கோஸ்ட் ஆஃப் யோடெய்’ பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்ததும், முதலாவதைவிட இது நன்றாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 2025 அக்டோபர் 2ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு வெளியான ‘கோஸ்ட் ஆஃப் யோடெய்’ பற்றியும் உலகெங்கும் இதையே கேட்டார்கள். சண்டை மெருகேறியிருக்கிறது, காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன, கதை மட்டும் ஏற்கெனவே கேட்டது போல இருக்கிறது என்ற அளவில் பெரும்பாலான மதிப்புரைகள் நின்றுவிட்டன. அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அளவுகோல்கள் இந்த விளையாட்டுக்குப் போதவில்லை என்பது என் எண்ணம். தலைப்பிலேயே மலையின் பெயரைச் சூடிக்கொண்டு வந்த விளையாட்டு இது. அந்த மலை யாருடையது, அங்கே குடியேறியவர்கள் யார், முன்பே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இதை மதிப்பிட்டால் மதிப்பீடு பாதியில் நிற்கும். மேற்கே தலை நிமிர்ந்தால் எந்தத் தெருவிலிருந்தும் மலைச்சுவர் தெரிகிற போடிநாயக்கனூரில், அந்தச் சுவருக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களை நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கும் ஊரில், இந்தக் கேள்விகள் தாமாகவே எழும்.

முதலில் நடைமுறை. விளையாட்டின் விலை ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். அதை ஓட்டும் கருவிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குக் காயெடுக்கப் போகும் ஒரு பெண்ணின் பல மாதக் கூலி அது. அதனால் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பிள்ளைகளில் மிகப் பலருக்கும் கேம் என்றால் கைப்பேசியில் ஓடுவதுதான். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபோது தவித்தவர்களும், 2021இல் அதன் இந்தியப் பதிப்பு வந்ததும் திரும்பிப் போனவர்களும் அவர்களே. யோடெய் போன்ற பெரிய ஆட்டங்களை யாரோ ஒருவர் யூடியூபில் தமிழில் பேசிக்கொண்டே ஆட, அதைப் பார்த்துக் கதையை அறிந்துகொள்பவர்கள் ஏராளம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒன்று, ஆடுபவருக்குக் கிடைப்பது வேறொன்று. பார்ப்பவரிடம் கதை மட்டுமே போய்ச் சேர்கிறது. இந்த விளையாட்டில் வலுக்குறைந்த பகுதி கதைதான். வலுவான பகுதி கையில் பிடித்து ஆடுபவருக்கே தெரியும். ஆகவே காணொளியில் பார்த்துவிட்டு ‘பழிவாங்கும் கதைதானே’ என்று தள்ளிவிடுகிறவர்கள், தங்களுக்கு வந்து சேர்ந்த பாதியை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இதைச் செய்த சக்கர் பஞ்ச், 1997இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்வியூ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம். 2011இல் சோனி அதை வாங்கியது. ‘ஸ்லை கூப்பர்’, ‘இன்ஃபேமஸ்’ வரிசைகளால் பெயர் பெற்றவர்கள், 2020 ஜூலை 17 அன்று ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வைக் கொண்டுவந்தார்கள். 1274இல் மங்கோலியர் சுஷிமா தீவில் இறங்கியதுதான் அதன் களம். ஜின் சகாய் என்ற சாமுராய், வளர்த்த மாமன் கற்றுக்கொடுத்த போர் நெறியைக் காப்பதா, நெறியை மீறி மறைந்திருந்து தாக்கி ஊர் மக்களைக் காப்பதா என்ற இக்கட்டில் சிக்குகிறான். வரலாற்றில் அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமைகள் பல. ஜின் மலைமுகட்டில் அமர்ந்து ஹைக்கூ இயற்றுகிறான். அந்த வடிவம் பிறக்க இன்னும் சில நூற்றாண்டுகள் இருந்தன. ஆனால் மாமனுக்கும் மருமகனுக்கும் இடையிலான அந்த முடிச்சு உண்மையாக இருந்தது. முறை தவறாமல் தோற்பதா, முறை தவறி வெல்வதா என்ற கேள்வி, மகாபாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நமக்குப் புதியதல்ல. 2024க்குள் அது ஒரு கோடியே முப்பது லட்சம் பிரதிகள் விற்றது. சுஷிமாவில் புயலால் சாய்ந்த ஒரு கோயில் வாயிலைத் திரும்ப எடுக்க உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் நிதி அனுப்பினார்கள். 2021இல் அத்தீவு நகராட்சி, விளையாட்டின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்துச் சிறப்பித்தது. தன் நிலத்தை வேற்று நாட்டார் அன்போடு வரைந்திருக்கிறார்கள் என்று அந்த ஊரே ஏற்றுக்கொண்ட நிகழ்வு அது.

இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு ஜின்னையே மறுபடி குதிரையில் ஏற்றியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 329 ஆண்டுகள் தள்ளி, ஜப்பானின் மறுமுனைக்கு, அன்று எஸோ என்று வழங்கிய இன்றைய ஹொக்கைடோ தீவுக்குப் போய்விட்டார்கள். ஆண்டு 1603. செகிகஹாரா போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. தொகுகாவா இயேயாசு ஷோகன் பட்டம் ஏற்ற ஆண்டு அது. அட்சு என்ற கூலிப்படைப் பெண், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தன் குடும்பத்தைக் கொன்று, தன்னை எரியும் கிங்க்கோ மரத்தோடு குத்தி வைத்துவிட்டுப் போன அறுவரைத் தேடி ஊர் திரும்புகிறாள். அவர்களின் தலைவன் சைட்டோ, வடதிசைக்குத் தானே ஷோகன் ஆக வேண்டும் என்று படை திரட்டிக்கொண்டிருக்கிறான். அறுவரின் பெயர்களும் அட்சுவின் இடுப்புத் துணியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவராகக் கொன்று பெயரை இரத்தத்தால் அடிக்கிறாள். ஊரார் அவளைப் பழிவாங்கத் திரும்பிய ஆவி என்று நம்பி நடுங்குகிறார்கள்.

கையில் பிடித்து ஆடும்போது தெரியும் முன்னேற்றம் பெரியது. சுஷிமாவில் எதிரியின் ஆயுதத்துக்கு ஏற்ப ஜின் தன் நிலையை மாற்றினான். கையில் வாள் ஒன்றுதான். யோடெய்யில் அட்சு ஆயுதத்தையே மாற்றுகிறாள். ஈட்டிக்காரனுக்கு இரட்டை வாள், கேடயம் தூக்கியவனுக்குச் சங்கிலி கட்டிய அரிவாளான குசாரிகாமா, மலை போன்ற முரடனுக்கு நெடுவாளான ஓடாச்சி. ஒவ்வொன்றையும் ஓர் ஆசானிடம் தேடிப் போய்ப் பயில வேண்டும். சண்டைக்கு நடுவே அவள் கை ஆயுதம் தட்டி விடப்படுவதும் உண்டு. கீழே கிடப்பதை எடுத்து எறியவும் முடியும். சிலம்பம் பழகியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். நெடுங்கம்புக்கு முன்னால் சுருள்வாள் எப்படி நிற்கும், மடுவு எப்படி உள்ளே புகும் என்ற கணக்கு ஒவ்வொரு வாத்தியாரிடமும் உண்டு. அந்தக் கணக்குதான் இங்கே ஆட்டமாகியிருக்கிறது. இருபது மணி நேரம் கடந்த பிறகு அது பழகிப்போய், எதிரியைக் கண்டதும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகிறது என்பது உண்மைதான். சுஷிமாவிலும் அதுதான் நடந்தது.

ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் சண்டையில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. திறந்தவெளி ஆட்டங்களில் திரை ஓரத்தில் சிறு வரைபடமும், அதில் புள்ளிகளும், அம்புக்குறிகளும் நிரம்பி வழிவதே வழக்கம். ஆடுபவர் நிலத்தைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறார். சக்கர் பஞ்ச் சுஷிமாவிலேயே அதை எடுத்துவிட்டது. விரலால் தொடுபலகையை மேலே தள்ளினால் காற்று வீசும். புல் சாயும் திசையே போக வேண்டிய திசை. யோடெய்யில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறார்கள். அட்சு தாயிடம் கற்ற சாமிசென் நரம்புக் கருவியில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொன்றை நோக்கிக் காற்றைத் திருப்புகிறது. மேட்டில் ஏறி நின்று தொலைநோக்கியால் துழாவ வேண்டும். எங்கோ புகை எழுந்தால் அங்கே ஆள் இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடித்து, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீ மூட்டி, மீனைத் திருப்பித் திருப்பிச் சுட்டுத் தின்னலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஏறத்தாழ எங்கிருந்து பார்த்தாலும் 1,898 மீட்டர் உயர யோடெய் எரிமலை கூம்பாக நிற்கிறது. வழி தவறினால் அதைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளலாம்.

தேனிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வடிவமைப்பின் உண்மை பிடிபடும். ஆனி பிறந்து மேற்கிலிருந்து காற்று இறங்கத் தொடங்கினால், எந்தத் திசையில் மலை, எந்தக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, மலைமேல் மழை இருக்கிறதா இல்லையா என்று முற்றத்தில் நின்றே சொல்லிவிடுகிறவர்கள் இங்கே உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பி நிற்பவை. காற்றையும் புகையையும் மலையையும் படித்து வழி காண்பது மலையடிவார மனிதர்களின் பழைய அறிவு. கோடிக்கணக்கில் செலவழித்து உருவான ஒரு விளையாட்டு, அம்புக்குறியைக் கைவிட்டு அந்த அறிவுக்குத் திரும்பியிருக்கிறது. பெரும்பாலான மதிப்புரைகள் இதைக் ‘காட்சி அழகு’ என்ற தலைப்பில் இரண்டு வரியில் முடித்துக்கொள்கின்றன. இதன் மிகப் பெரிய சாதனை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனிதருக்கு நிலத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு அரிது.

இனிக் கதை. பழிவாங்கும் பெண்ணின் கதையை மதிப்பிடத் தமிழருக்குத் தனித் தகுதி உண்டு. அதிலும் ஏலமலைச் சரிவில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து வந்து ஏறியது இந்த மலைத்தொடரில்தான் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. குமுளிக்கு மேலே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, பக்தர்களை அனுமதிக்கிறார்கள். அன்று கூடலூர் பக்கம் பளியங்குடி வழியாக மக்கள் கால்நடையாக ஏறுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்புகள் போகும். சிலப்பதிகாரத்தின் அமைப்பை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பாண்டியன் அவையில் நீதி கேட்டு, நகரை எரித்து, கண்ணகியின் பழி இரண்டாம் காண்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இளங்கோ ஒரு முழுக் காண்டம் வைத்திருக்கிறார். வேங்கை மரத்தடியில் நின்ற பெண்ணை மலைக்குறவர் காண்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு ஒரு நாடே அவளுக்குக் கல் எடுக்கிறது. பழி தீர்ந்த பின் அந்தச் சினம் எங்கே போகிறது, அதைச் சுமந்த பெண் என்ன ஆகிறாள், கண்டவர்கள் அவளை எப்படி ஏந்திக்கொள்கிறார்கள் என்பதற்குக் காப்பியத்தின் மூன்றில் ஒரு காண்டத்தைக் கொடுத்த மரபு நம்முடையது.

அந்த மரபில் நின்று பார்க்கும்போது யோடெய்யின் குறை தெளிவாகிறது. ஆறு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிலம் அல்லது ஒரு கோட்டை என்று கதை ஒரு கணக்குப் புத்தகமாகிவிடுகிறது. அறுவரில் ஒனியை முதலில் தேடுவதா, கிட்சுனேயை முதலில் தேடுவதா என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம் என்பது நல்ல உரிமை. ஆனால் யாரை முதலில் கொன்றாலும் பொருந்த வேண்டும் என்பதால், ஒரு கொலை அடுத்ததை ஆழமாகப் பாதிக்க முடியாமல் போகிறது. பழி மனிதரைத் தின்றுவிடும் என்று கதை மீண்டும் மீண்டும் சொல்கிறது. அதே நேரம் வழியில் பெயரில்லாத நூற்றுக்கணக்கானவர்களை வெட்டிச் சாய்க்க ஊக்கமும் பரிசும் கொடுக்கிறது. கண்ணகி நகரை எரிக்கும்போதுகூட முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், பசுக்கள், அறவோர் ஆகியோரை விட்டுவிடத் தீக்கடவுளிடம் சொல்கிறாள். அவள் சினத்துக்கு எல்லை இருந்தது. அட்சுவின் வாளுக்கு அந்த எல்லையை ஆட்டத்தின் கட்டமைப்பு கொடுக்கவில்லை.

நடுப்பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே எதிர்பாராத உறவு ஒன்று அட்சுவிடம் திரும்பி வருகிறது. அது யார் என்று இங்கே சொல்வது இனி ஆடப்போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கட்டத்தில் துணியில் எழுதிய பெயர்கள் மங்கி, எதிரே இருக்கும் மனிதர்கள் தெளிவாகிறார்கள். தனி ஓநாய் ஒன்று அவ்வப்போது சண்டையில் அவள் பக்கம் வந்து நிற்கிறது. வணிகர், ஆசான், வழிப்போக்கர் என ஒரு சிறு கூட்டம் அவளைச் சுற்றிச் சேர்கிறது. பாழடைந்த பிறந்த வீட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், நொடியில் அதே முற்றம் அவள் சிறுமியாக ஓடிய நாளுக்கு மாறுகிறது. தகப்பன் வாள் அடிக்கிறான், தாய் சாமிசென் மீட்டுகிறாள். மீண்டும் அழுத்தினால் சாம்பல். இழப்பைச் சொல்ல இதைவிடக் கூர்மையான வழி சினிமாவிலும் இல்லை. டோமா ஓடோவாவின் இசை அந்த இடங்களில் மிக அடக்கமாக இருப்பது அதன் பெருமை.

வேலு நாச்சியாரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு அவர் அடைக்கலம் புகுந்தது திண்டுக்கல்லுக்கு அருகே, பழனிமலை அடிவாரத்து விருப்பாச்சியில், கோபால நாயக்கரிடம். எட்டாண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கணவனை இழந்தவளின் சினம் அது. ஆனால் அதை வெற்றியாக்கியவை பேச்சுவார்த்தை, நட்பு, பொறுமை ஆகியவை. அட்சுவின் கதையில் சைட்டோவுக்கும் மட்சுமாயே குலத்தின் படைக்கும் நடக்கும் போர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் அரசியலுக்குள் அவள் உண்மையாக இறங்கியிருந்தால் அறுவர் பட்டியல் ஒரு பெரிய கதையாக வளர்ந்திருக்கும். இந்த வாய்ப்பை விட்டுவிட்டார்கள்.

அந்தப் போர்தான் நம்மை அடுத்த கேள்விக்குக் கொண்டுவருகிறது. சைட்டோ ஒரு ஜப்பானியன். மட்சுமாயே குலமும் ஜப்பானியக் குலம். இருவரும் சண்டையிடும் நிலம் அயினு மக்களுடையது. 1603இல் ஜப்பானியர் எஸோவின் தென்முனையில், மட்சுமாயேவைச் சுற்றிய சிறு பகுதியில்தான் குடியிருந்தார்கள். யோடெய் மலையைச் சுற்றிலும், இஷிகாரி சமவெளியிலும் ஆட்டம் காட்டுகிற கோட்டைகளும் ஜப்பானிய ஊர்களும் சத்திரங்களும் அன்று அங்கே கிடையாது. அங்கே இருந்தவை அயினு குடியிருப்புகள், சால்மன் ஏறும் ஆறுகள், கரடி வேட்டைக் காடுகள். 1604இல் இயேயாசு, அயினுகளோடு வணிகம் செய்யும் முழு உரிமையை மட்சுமாயே குலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அயினுகள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றும் அந்த ஆவணத்தில் இருந்தது. நடந்தது வேறு. வணிகம் பிடியாக மாறி, பிடி இறுகி, 1669இல் ஷகுஷைன் தலைமையில் அயினுகள் எழுந்தார்கள். சமாதான விருந்துக்கு அழைத்து அவரைக் கொன்றார்கள். 1869இல் மெய்ஜி அரசு தீவின் பெயரை ஹொக்கைடோ என்று மாற்றி நிலத்தைக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1899 சட்டம் அயினுகளை உழவராக்கவும் ஜப்பானியராக்கவும் முயன்றது. அவர்களைப் பூர்வகுடி என்று சட்டத்தில் எழுத ஜப்பானுக்கு 2019 வரை ஆனது. ஷிராஓயில் தேசிய அயினு அருங்காட்சியகம் திறந்தது 2020 ஜூலை 12. சுஷிமா விளையாட்டு வெளியாவதற்கு ஐந்து நாள் முன்பு.

சக்கர் பஞ்ச் இதை அறியாதவர்கள் அல்லர். ஹொக்கைடோவுக்கு நேரில் போனார்கள், அயினு பண்பாட்டு ஆலோசகரின் உதவியைப் பெற்றார்கள். ஆட்டத்தில் வரும் அயினு வீடுகளிலும் உடைகளிலும் பேச்சிலும் அந்தக் கவனம் தெரிகிறது. கேலியோ, காட்டுமிராண்டி என்ற சித்திரிப்போ எங்கும் இல்லை. இதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் மரியாதை காட்டுவதும் இடம் கொடுப்பதும் வேறு வேறு. அயினுகள் அட்சுவுக்கு வழி சொல்கிறார்கள், பொருள் மாற்றுகிறார்கள், ஞானம் அளிக்கிறார்கள். கதையை நகர்த்தும் முடிவு எதுவும் அவர்கள் கையில் இல்லை. தங்கள் மலையில் இரண்டு அந்நியப் படைகள் மோதுவதைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது முதன்மைக் கதையின் கேள்வியாகவே ஆகவில்லை. மலையை இவ்வளவு அன்போடு வரைந்தவர்கள், மலையின் மக்களை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். என் மதிப்பீட்டில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய குறை இதுவே.

ஏலமலைக்காரர்கள் இதை எளிதில் கடந்து போக முடியாது. குரங்கணிக்கு மேலும் மூணாறைச் சுற்றிலும் முதுவர் குடிகள் இருக்கின்றன. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். காட்டு நிழலில் தானாக விளைந்த ஏலத்தை முதலில் அறிந்தவர்கள் மலைக்குடிகள். பிறகு அது திருவிதாங்கூர் அரசின் ஏகபோகப் பண்டமானது. 1877இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். பேரம் பேசிய இருவரில் ஒருவர்கூட அந்த மலையில் வாழ்ந்தவர் அல்லர். தேயிலை வளர்ந்தது. 1908இல் மலைமேல் சிறு ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. 1928இல் போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தோட்டத் தொழிலாளர்களில் பெருந்தொகையினர் தமிழர்களாகவே இருந்தார்கள், இருக்கிறார்கள். இந்த வரலாறு எழுதப்படும்போதெல்லாம் மன்றோவின் பெயர் வருகிறது, கம்பெனிகளின் பெயர் வருகிறது. வழிகாட்டி நடந்த முதுவரும் மூட்டை சுமந்து ஏறிய கூலிகளும் பெயரில்லாமல் வருகிறார்கள்.

எஸோவும் ஏலமலையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அயினுகள் அனுபவித்த சட்டபூர்வமான அழிப்பு வேறு அளவிலானது. மலைக்கு மேலே போன தமிழர்களில் பெரும்பாலோர் வாளோடு போகவில்லை, பசியோடு போனார்கள். ஆனால் ஒரு நிலத்தின் கதையை அங்கே பிறகு வந்தவர்களின் போராகவும் வணிகமாகவும் மட்டுமே சொல்லும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யோடெய்யைப் பார்த்து அந்தப் பழக்கத்தை நாம் அடையாளம் காண முடிந்தால், அது விளையாட்டின் பயன்.

மற்றச் சாமுராய் ஆட்டங்களோடு ஒப்பிட்டால் யோடெய்யின் இடம் விளங்கும். ஃப்ரம்சாஃப்ட்வேரின் ‘செகிரோ’ (2019) வாள்வீச்சின் கூர்மையில் இன்றும் இதற்கு மேலே நிற்கிறது. ‘ரைஸ் ஆஃப் தி ரோனின்’ (2024) பல பாதைகள் கொண்ட அரசியலைத் தொட்டது, நில அழகில் பின்தங்கியது. யூபிசாஃப்ட்டின் ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ 2025 மார்ச்சில் வந்தது. பருவங்கள் மாறும் அதன் ஜப்பான் பிரம்மாண்டமானது, ஆனால் புள்ளிகளும் பட்டியல்களும் விட்டபாடில்லை. மெட்டாக்ரிட்டிக் தொகுப்பில் சுஷிமாவுக்கு 83, யோடெய்க்கு 86. முதல் மாதத்தில் 33 லட்சம் பிரதிகள் விற்றன. இருந்தும் அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. நன்றாகச் செய்யப்பட்டது, ஆனால் துணிந்து செய்யப்படவில்லை என்ற தீர்ப்பு அதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன்.

வெளியாகும் முன்பே ஒரு கூச்சல் எழுந்தது. நாயகி பெண் என்பதாலும், அட்சுவாக நடித்த எரிகா இஷியின் கருத்துகளாலும் விளையாட்டைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்த வாதங்களை இங்கே விரிவாகப் பேச எதுவும் இல்லை. ஆயுதம் ஏந்திய பெண் வரலாற்றுக்குப் பொருந்தாது என்று விருப்பாச்சிக்கு அருகே வாழ்பவரிடம் யாரும் சொல்ல முடியாது. எரிகா இஷியின் நடிப்பு இந்த ஆட்டத்தின் பெரும் பலம். ஜப்பானியக் குரல் கொடுத்த ஃபைரூஸ் ஐயும் அதற்குக் குறைந்தவரல்லர்.

தமிழில் இந்த விளையாட்டு இல்லை. குரலும் இல்லை, எழுத்தும் இல்லை. இவ்வளவு பேர் பார்த்தும் ஆடியும் ரசிக்கும் ஒரு கலைக்குத் தமிழில் முறையான விமர்சனமும் மிகக் குறைவு. சினிமாவுக்கு வாரந்தோறும் பக்கங்கள் ஒதுக்கும் நம் இதழ்கள், பிள்ளைகள் மணிக்கணக்கில் வாழும் இந்த உலகத்துக்கு ஒரு பத்தி கொடுப்பதில்லை. கெட்ட பழக்கம் என்று திட்டுவதற்கு மட்டுமே கேம் செய்தியாகிறது. ஆனால் தமிழ் வாழ்க்கையை விளையாட்டாக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தை இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதன் வழியாகச் சொன்னது. 2024இல் சிறந்த முதல் விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. சிறிய குழு, சிறிய ஆட்டம். அதில் வாளும் இல்லை, கோட்டையும் இல்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவே விழும் மொழி இடைவெளிதான் கதை. தன் மக்களைக் கதையின் நடுவில் வைத்த ஆட்டம் அது. யோடெய் செய்யத் தவறியதும் அதுவே.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சுஷிமாவை ஆடாதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். கணினியிலும் அது கிடைக்கிறது, கதை அதில்தான் வலுவானது. யோடெய்யை ஆடுகிறவர்கள் ஜப்பானியக் குரலில் வைத்து, அவசரப்படாமல், பெயர்ப் பட்டியலை ஒதுக்கிவிட்டுக் காற்றோடு போங்கள். அயினுகளின் துணைக் கதைகள் எதையும் விட்டுவிடாதீர்கள். தேனி, மதுரை, கோவைக் கல்லூரிகளில் விளையாட்டு உருவாக்கம் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணகியையோ ஏலமலையையோ வைத்து ஒருநாள் நீங்கள் ஆட்டம் செய்யப் புறப்பட்டால், கணினியைத் திறக்கும் முன் குரங்கணிக்கு மேலே உள்ள முதுவர் குடிகளுக்கும் அடிவாரத்துப் பளியர் வீடுகளுக்கும் போய் அனுமதி கேளுங்கள், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், கதையில் முடிவெடுக்கும் இடத்தையும் வருமானத்தில் பங்கையும் அவர்களுக்குக் கொடுங்கள்.